குளியலறைத் தரையின் வாட்டம்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டறியும் முறை

யாங்கோன் நகரின் நடுப்பகுதியில் உள்ள ஒடுங்கிய அடுக்குமாடி வீடுகளிலும், பகோ ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் நகரின் பக்கத்துத் தனி வீடுகளிலும் குளியலறைத் தரை வேலை செய்து வருகிறேன். வீட்டுக்காரர்கள் சொல்லும் குறை வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. தண்ணீர் தேங்குகிறது என்பார் ஒருவர், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்பார் இன்னொருவர். தரையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலான இடங்களில் காரணம் ஒன்றுதான்: கலவை போடும்போதே வடிகாலை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, கொடுக்கப்படவில்லை, அல்லது கொடுத்த வாட்டம் டைல் ஒட்டும்போது கெட்டுப்போயிருக்கிறது.

இந்தக் குறைக்குப் பலரும் செய்யும் வைத்தியம் பழைய டைலின் மேலேயே புதிய கலவையைப் பரப்பி வேறு டைல் ஒட்டிக்கொள்வது. அது வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3 அடிக்கு 4 அடி அளவுள்ள சிறிய தரையில் ஒன்றரை அங்குலக் கலவை போட்டாலே ஏறத்தாழ 90 கிலோ எடை கூடுகிறது. வாசல் திட்டின் உயரம் குறைகிறது, வடிகால் வாய் குழிக்குள் போகிறது, பழைய பழுதோ உள்ளேயே இருக்கிறது. மூன்று அடுக்கு டைல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயர்த்தெடுத்த வீடுகள் உண்டு.

சோதனைக்கு வேண்டியவை ஒரு குவளை, ஒரு வாளி, 2 அடி நீள ரசமட்டம், பென்சில், டார்ச் விளக்கு, ஒரு தீக்குச்சி ஆகியவையே. தரை முழுவதுமாகக் காய்ந்திருக்கும் நேரத்தில், ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, சோதனையைத் தொடங்குங்கள்.

அறிகுறி 1: ஒரே இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இந்த இடத்தைத் தேடவே வேண்டியதில்லை. தண்ணீரில் உள்ள இரும்பு, தேங்கும் இடத்தின் விளிம்பில் செங்காவி நிறத்தில் வளையமாகப் படிந்திருக்கும். கறை இல்லாத தரையில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அரைமணி நேரம் கழித்து எது நிற்கிறதோ அதன் கரையைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பிறகு தீக்குச்சியை அந்தத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்தி எடுத்தால், நனைந்த அளவு ஆழத்தைக் காட்டும்.

*மெல்லிய ஏடாக மட்டும் நிற்கிறது என்றால்,* அதாவது தீக்குச்சியின் நுனி மட்டுமே நனைகிறது என்றால், அது பழுதன்று. டைல் விளிம்பிலும் சந்திலும் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்பது இயல்பு. குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் தள்ளிவிட்டால் போதும்.

*ஓரிரு டைல்களுக்குள் அடங்கிய, 1/8 அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள தேக்கம் என்றால்,* அந்த டைல்கள் அமுங்கியிருக்கின்றன அல்லது ஒட்டும்போதே தாழ்ந்துவிட்டன. சுற்றிலும் உள்ள சந்தைச் சுரண்டி, அவற்றை மட்டும் பெயர்த்து, அடியில் உள்ள கலவையைத் தட்டிப் பார்த்து, உறுதியாக இருந்தால் பசையின் கனத்தைக் கூட்டி மீண்டும் ஒட்டலாம். பெயர்க்கும்போது உளியை ஆழமாக இறக்காதீர்கள்; கீழே நீர்த்தடுப்புப் பூச்சு இருந்தால் அது கிழிந்து, ஒரு சிறு பழுது கீழ்வீட்டுப் பழுதாக மாறிவிடும்.

*தரையின் பாதி தேங்குகிறது என்றால்,* ரசமட்டத்தின் ஒரு முனையைச் சுவரோரத்திலும் மறுமுனையை வடிகால் பக்கமாகவும் வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை வடிகால் பக்கத்து முனையைத் தூக்கி, அதன் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அடிக்கு கால் அங்குலம் என்ற கணக்கில், 2 அடி மட்டத்துக்கு அரை அங்குல இடைவெளி இருக்க வேண்டும். கால் அங்குலம்கூட இல்லாவிட்டால் அங்கே மேல்பூச்சு எதுவும் உதவாது. தூக்க வேண்டிய முனை சுவர்ப் பக்கத்து முனையாக இருந்தால் வாட்டம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. இரண்டுக்குமே மருந்து தரையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான்; அதைக் கடைசிப் பகுதியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கறையைப் போக்க ஆசிட் ஊற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிட் இரும்புக் கறையோடு சந்திலுள்ள சிமெண்டையும் தின்றுவிடும். ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிய தரையில் ஆசிட் பட்டால் நச்சு வாயு எழும். சன்னல் இல்லாத அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அறிகுறி 2: தரை முழுவதும் தண்ணீர் நின்று மெதுவாக இறங்குகிறது

இங்கே வாட்டத்தின் மேல் பழி போடும் முன், வடிகாலின் சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை நேரே குழாய் வாய்க்குள் ஊற்றுங்கள். தடையின்றி உள்வாங்கிக்கொண்டால் குழாய் நன்றாக இருக்கிறது, குறை தரையில்தான். அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். தண்ணீர் மேலேறி வந்தால் குழாயில் அடைப்பு.

முடியும் சோப்பு அழுக்கும் எல்லா ஊரிலும் அடைப்பவை. நம் ஊரில் இவற்றோடு, முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனக்காவும் சேரும். குளியலறையிலேயே கல்லில் தனக்கா இழைத்து, கல்லையும் அங்கேயே கழுவும் வீடுகளில், மரத்தூள் கலந்த அந்த மென்சாந்து டிராப்பின் (நாற்றம் மேலே வராதபடி தண்ணீரைத் தேக்கிவைக்கும் வடிகால் பகுதி) வளைவில் கெட்டியாகப் படிந்துவிடுகிறது. கையுறை அணிந்து டிராப்பின் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும். அதற்கும் இறங்கவில்லை என்றால் ரப்பர் பம்பும், பிறகு நீள் சுருள் கம்பியும்.

அடைப்பே இல்லாமலும் தண்ணீர் தாமதிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். ஷவர் சிறுகச் சிறுகத் தருவதை நாம் ஒரே வீச்சில் தரையில் கொட்டுகிறோம். ஒன்றரை அங்குலக் குழாயால் இதைச் சமாளிக்க முடியாது. தரையை உடைக்கும் காலம் வரும்போது 3 அங்குலக் குழாயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தரைத்தளத்து வீட்டில், கனமழை பெய்து தெருச் சாக்கடை நிரம்பும் நாள்களில் மட்டும் தண்ணீர் எதிர்த்து வந்தால், அது உங்கள் தரையின் குறையன்று. மேல்கீழ் வீடுகளிலும் அதே நேரத்தில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் கட்டடத்தின் பொதுக் குழாய் அடைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் குழாய் வேலைக்காரரை அழைப்பதே சரி.

அறிகுறி 3: வடிகால் வாயைச் சுற்றி வளையமாகத் தண்ணீர்

தண்ணீர் வடிகால்வரை ஒழுங்காக வருகிறது, வாயருகே வந்து நின்றுவிடுகிறது. விரல் நகத்தை டைலிலிருந்து வடிகால் மூடி உட்காரும் சட்டத்தின் பக்கமாகத் தேய்த்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் சட்டம் டைலைவிட உயர்ந்திருக்கிறது. அது டைலைவிட 1/16 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

சட்டம் கலவையில் மட்டும் பதிந்திருந்தால் அதைச் சுற்றிச் சுரண்டி எடுத்து, மெல்லிய சட்டமாக மாற்றிப் பதிக்கலாம். அரைநாள் வேலை. குழாயே மேலே துருத்திக்கொண்டிருந்தால் அதை உள்ளிருந்து அறுக்கும் கருவி வேண்டும். வெளியிலிருந்து ரம்பம் போட்டு அறுத்துக் குழாயைப் பிளந்துவிட்டவர்கள் உண்டு, ஆகவே அதைக் குழாய் வேலைக்காரரிடம் விடுங்கள்.

அறிகுறி 4: தண்ணீர் வாசலைத் தாண்டி அறைக்குள் வருகிறது

முதலில் குளியலறைக்குள் இருக்கும் தொட்டியைக் கவனியுங்கள். மின்சாரம் நள்ளிரவில் வந்து, மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி வழிந்து, விடிவதற்குள் மின்சாரமும் போய்விட்டால், காலையில் எழுந்து பார்ப்பவருக்குத் தரை ஒழுகுவதாகவே தோன்றும். மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தினால் முடிகிற வேலைக்காகத் தரையை உடைக்க ஆள் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

தொட்டி வழியவில்லை, குளிக்கும்போது மட்டுமே தண்ணீர் வெளியேறுகிறது என்றால், தெறிப்பா ஓட்டமா என்று பிரித்தறியுங்கள். குளிக்காமல், வாசலிலிருந்து ஓரடி உள்ளே ஒரு குவளைத் தண்ணீரைத் தரையோடு தரையாக ஊற்றுங்கள். வடிகாலை நோக்கிப் போனால் தெறிப்புதான், திரைச்சீலை போதும். வாசலை நோக்கி வந்தால் வாட்டம் தவறு.

வாசல் திட்டின் மேல்முனை வடிகால் வாயைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். திட்டை மட்டும் உயர்த்திவிட்டு வாட்டத்தை அப்படியே விடுவது சிலருக்குச் சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீர் வெளியே வராமல் திட்டின் அடியிலேயே நின்று, கதவு நிலையின் மரத்தை அடியிலிருந்து ஊறவைக்கும். நிலையின் கீழ்ப்பகுதியில் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, தச்சரையும் சேர்த்து அழைக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 5: டைலைத் தட்டினால் பொள்ளல் ஒலி, சந்து எப்போதும் கறுத்தே இருக்கிறது

ஒரு ரூலரின் முனையால் டைலுக்கு டைல் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய டைல் கெட்டியான ஒலி தரும், ஒட்டாதது பானையைத் தட்டியது போல ஒலிக்கும். மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று கலவை வைத்து அழுத்தி ஒட்டிய டைல்களில் இது கட்டாயம் வரும். உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்து தங்கிவிடும், குளித்து ஒருநாள் ஆன பிறகும் சந்து உலராது, வெள்ளை உப்பும் பூக்கும்.

ஓரிரண்டு பொள்ளல் டைல்கள் அசையாமல் இருந்தால் விட்டுவிடலாம். மிதித்தால் அசைபவற்றை எடுத்து, அடிமுழுதும் பசை படும்படி திரும்ப ஒட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொள்ளலாக இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவது பணவிரயம்.

சந்தில் புதிய கிரௌட் (சந்தை நிரப்பும் சாந்து) போட்டால் கசிவு நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. சிமெண்ட் கிரௌட் தண்ணீரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. தடுக்க வேண்டியது டைலுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு.

அறிகுறி 6: கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

கீழ்வீட்டு விளக்கின் அருகே ஈரம் இருந்தால், வேறெதுவும் செய்வதற்கு முன் அந்த விளக்கின் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் மூன்று வழிகளில் கீழே போகலாம்: வரும் குழாய், போகும் குழாய், தரை. செலவு குறைந்த வரிசையில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். மழைக்காலத்தில் நான்காவது வழியும் உண்டு. பின்சுவரில் அடிக்கும் சாரல் விரிசல் வழியாக இறங்கி, உங்கள் குளியலறையின் மேல் பழியைப் போட்டுவிடும். ஆகவே மழையில்லாத ஓரிரண்டு நாள் கிடைக்கும்போது சோதியுங்கள்.

*முதல் இரவு:* எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலேயே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வரும் குழாயில் ஓட்டை. குழாய் வேலைக்காரரை அழையுங்கள். பொதுத் தொட்டியாக இருந்தால் உங்கள் வீட்டு வால்வை மூடிவிட்டு, கீழே சொட்டுவது குறைகிறதா என்று பாருங்கள்.

*இரண்டாம் நாள்:* வடிகால் வாயை ஈரத்துணி சுருட்டி இறுக அடைத்து, தரையின் உயரமான இடமும் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, அதன் மட்டத்தைச் சுவரில் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். 12 சதுர அடித் தரையில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது 28 கிலோ எடை. கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். மரத்தளத்திலோ, இரும்பு விட்டங்கள் துருவேறித் தெரியும் பழைய ஆங்கிலேயர் காலக் கட்டடத்திலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

நிரப்பி வைத்திருக்கும்போதே கீழே சொட்டினால் தரையில் பழுது. துணியை எடுத்த பிறகே சொட்டினால் வடிகால் குழாயின் இணைப்பில் பழுது.

இந்த ஒரு சோதனை எவ்வளவு பெரிய செலவைத் தவிர்க்கும் என்பதை ஒரு வீட்டில் கண்கூடாகப் பார்த்தேன். நான்காம் மாடியில் குடியிருந்த ஓர் அம்மாவிடம், முன்பு வந்து பார்த்த ஒருவர் தரை முழுவதையும் உடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கீழ்வீட்டில் சமையல் மேடையின் ஓரத்தில் ஒரு எனாமல் தட்டை வைத்துச் சொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு நான் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் காலைவரை அந்தத் தட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சுவரில் போட்ட கோட்டிலிருந்து தண்ணீரும் இறங்கவில்லை. மேலே துணியை உருவியதும் கீழே நின்ற அவர்களுடைய பையன் சத்தம் போட்டான், தட்டில் சொட்டுகள் விழத் தொடங்கிவிட்டன. கீழ்க்கூரையில் ஓர் அடி அகலத்துக்குப் பூச்சை எடுத்து, பி.வி.சி. முழங்கை ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது. மேல்வீட்டுத் தரையில் ஒரு டைல்கூட உடையவில்லை.

கீழ்க்கூரையின் கான்கிரீட் உதிர்ந்து உள்கம்பி துருவேறித் தெரிந்தால் அது கொத்தனாரின் வேலையன்று. கட்டடப் பொறியாளர் பார்க்கும்வரை மேலே எடை ஏற்றாதீர்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே, சகாயிங் பக்கத்து உறவினர்கள் பலர் குளியலறை விரிசல்களின் படங்களை அனுப்பிக் கேட்டார்கள். டைலில் மட்டும் உள்ள மயிரிழை விரிசல் வேறு. தரையில் தொடங்கிச் சுவரில் ஏறும் விரிசல் வேறு. பின்னதைப் பூசி மறைக்கக் கூடாது, பொறியாளருக்குக் காட்ட வேண்டும்.

அறிகுறி 7: வடிகாலிலிருந்து துர்நாற்றம்

பல நாள் பூட்டிக் கிடந்த வீடென்றால் டிராப்பில் உள்ள தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் சரியாகிவிடும். தண்ணீர் ஊற்றியும் நாற்றம் வந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் மின்னாமல் நேர்க்குழாயாக இறங்கினால் டிராப்பே வைக்கவில்லை என்று பொருள். தரையைப் புதிதாகப் போடும்போது, 2 அங்குலம் தண்ணீர் நிற்கும் டிராப் வைப்பது ஒன்றே நிலையான வழி.

உடைத்துப் புதிதாகப் போடுவதென்றால்

கான்கிரீட் தளத்தின் மேல் உள்ள குளியலறையில், கைப்பழக்கம் உள்ளவர் இதைத் தாமே செய்யலாம். நவம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம்வரையான வறண்ட மாதங்களே ஏற்றவை. ஏப்ரல் நடுவில் வரும் தண்ணீர்த் திருநாள் நெருங்கும்போது தரையைத் திறந்துவிடாதீர்கள். கடைகள் மூடி, ஆட்களும் ஊருக்குப் போய், வீட்டார் குளிக்க இடமில்லாமல் தவிப்பார்கள்.

பழைய டைல், கலவை எல்லாவற்றையும் தளம் தெரியும்வரை எடுத்துவிட்டு, டிராப்பைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயால் சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். பிறகு கணக்கு. வடிகாலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலைவரை அளந்து, அடிக்கு கால் அங்குலம் என்று பெருக்குங்கள். 3 அடிக்கு 4 அடித் தரையில் வடிகால் ஒரு மூலையில் இருந்தால் எதிர்மூலை 5 அடி. அங்கே உயரம் 1¼ அங்குலம் கூட வேண்டும். சுவரோரம் முழுவதையும் அந்த ஒரே உயரத்தில் வைத்தால் டைல் வெட்டுவது எளிது, ஆனால் வடிகால் மூலையை ஒட்டிய பகுதி செங்குத்தாகிவிடும். ஆகவே மூலை வடிகாலுக்கு ஓரங்களையும் சரிவாகவே விடுவது நல்லது. வடிகால் நடுவில் இருந்தால் மட்டும் ஓரம் நான்கும் ஒரே மட்டம். அடிக்கு அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வயதானவர்கள் சோப்புத் தண்ணீரில் நிற்கும் இடம் அது.

கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். தண்ணீர் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. இளகிய கலவையில் வாட்டம் நிற்காது. நீங்கள் இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது தானே மட்டமாகிவிடும். தளத்தை நனைத்து, சிமெண்ட் பால் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையைக் கொட்டி மணியாசு கட்டையால் (கைப்பிடி உள்ள மரப்பலகை) அடித்து இறுக்குங்கள். முதலில் சுவரோரப் பட்டி, பிறகு வடிகாலைச் சுற்றி ஒரு பட்டி, கடைசியில் இரண்டின் மேலும் மட்டப்பலகையை வைத்து இடைப்பட்டதை இழுத்துவிடுங்கள்.

ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுப் பதப்படுத்திய பிறகு, வெறும் கலவையின் மேலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. டைல் தரையில் தெரியாத பள்ளம் இங்கே கறுத்த பொட்டாகத் தெரியும். இப்போது அதை நிரப்ப ஒரு கரண்டிக் கலவை போதும். வாட்டம் கலவையில் இருக்க வேண்டும், டைல் பசையின் கனத்தைக் கூட்டிக் குறைத்து வாட்டம் உண்டாக்கக் கூடாது. ஏனெனில் டைலைத் தாண்டி இறங்கும் தண்ணீரும் அடியில் உள்ள பூச்சின் மேல் ஓடி வடிகாலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கலவை உலர்ந்து வெளுத்ததும் தரைக்கும் சுவருக்கும் இடையிலான மூலையைக் கலவையால் வளைவாக்கி, நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவையாக, இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்காக, சுவரில் ஓரடி உயரம்வரையும் வடிகால் வாயின் உள்விளிம்புவரையும் அடியுங்கள். குளிக்கும் பக்கத்துச் சுவரில் 6 அடிவரை ஏற்றுங்கள். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள காலம் கழிந்ததும் மறுபடியும் அந்த 24 மணி நேரச் சோதனை. கோடு இறங்கினால் டைல் வேலையைத் தொடங்க வேண்டாம்; பூச்சைத் திரும்ப அடித்தும் இறங்கினால் நீர்த்தடுப்பு வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

டைல் 2 அங்குலச் சதுரமாக, சொரசொரப்பானதாக இருந்தால் சரிவோடு வளைந்து கொடுக்கும். பெரிய டைல்தான் வேண்டும் என்பவர்கள் சுவரோரம் நீள வடிகால் வைத்து, தரை முழுவதையும் ஒரே பக்கமாகச் சாய்க்க வேண்டும். டைல் ஒட்டிய மறுநாள், கிரௌட் போடுவதற்கு முன், வடிகாலுக்குத் தொலைவான மூலையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். நிற்கும் டைலை அப்போது எடுத்து ஒட்டுவது, கிரௌட் இறுகிய பிறகு எடுப்பதைவிட எளிது. அதன்பின் தரையை உலரவிட்டு, கிரௌட் போட்டு, மூன்று நாள் தண்ணீர் படாமல் விட்டு, நான்காம் நாள் குளியலறையைத் திறந்துவிடலாம்.